கடவுள் நம்பிக்கை இல்லாதவர் பழைய தேவாலயத்தில் எதைப் பார்ப்பது?

காவேரிப்பட்டணத்தைச் சேர்ந்த ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. அவர் கடவுள் மறுப்பாளர். பெரியார் வழியில் வந்த குடும்பம். பிரான்சின் போர்தோ நகரில் படிக்கும் மகளைப் பார்க்கச் செப்டம்பரில் போகிறார். அருகிலுள்ள சேந்த் எமிலியோன் என்னும் ஒயின் ஊருக்கும் அங்குள்ள பழைய தேவாலயங்களுக்கும் மகள் அழைத்துப்போக இருக்கிறாள். நம்பிக்கை இல்லாத தான் உள்ளே போகலாமா, போனால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிறார். போகலாமா என்பதற்குத் தாராளமாகப் போகலாம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் உங்கள் கேள்வியை இரண்டாம் முறை படித்தபோது, நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று தோன்றியது. நம்பாமல் அங்கே போய் நிற்பது ஒரு நடிப்பாகிவிடுமோ என்ற தயக்கமும், நம்பாதவனுக்கு அங்கே பார்க்க என்னதான் இருக்கிறது என்ற ஐயமும் அதில் இருக்கின்றன. இரண்டாவது தெளிந்தால் முதலாவது பெரும்பாலும் தீர்ந்துவிடும் என்பதால் அதற்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

நான் தருமபுரியில் இருந்துகொண்டு, சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய கட்டடங்களைச் செப்பனிடும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். கோயில், மசூதி, தேவாலயம், வெள்ளைக்காரர் காலத்து அலுவலகம் என்று எல்லா வகைக் கட்டடங்களும் கைக்கு வந்திருக்கின்றன. சேந்த் எமிலியோனைத் தொழிற்பயிற்சிக்காகப் போனபோது பார்த்தேன். நான் கிறிஸ்தவன் அல்லன். இறையியலில் எனக்குப் பயிற்சியும் இல்லை. கட்டடத்தைப் பற்றியும், அதற்குள் நடக்கும் சடங்கு அந்தக் கட்டடத்தை எப்படி வடிவமைத்தது என்பதைப் பற்றியும் மட்டுமே பேசுகிறேன். நம்பிக்கை குறித்த கேள்விகளை ஒரு பங்குத்தந்தையிடம் கேட்பதே முறை.

முதலில், உங்கள் தயக்கத்தை ஓரளவு குறைக்கக்கூடிய ஒரு சட்டச் செய்தி. பிரான்சில் 1905 டிசம்பர் 9ஆம் தேதிச் சட்டம் அரசையும் மதத்தையும் பிரித்தது. அதற்கு முன்பே இருந்த பங்கு ஆலயங்களில், அதாவது அந்தந்த ஊர்ச் சபையாருக்கான தேவாலயங்களில், மிகப் பெரும்பாலானவை அந்தந்த ஊராட்சியின் சொத்து. ஆயர்களின் தலைமை ஆலயங்களான பேராலயங்களில் பெரும்பாலானவை அரசின் சொத்து. 1907ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றில் வழிபாடு தொடர்ந்து நடக்க வழிசெய்தது. ஆகவே கூரை ஒழுகினால் பார்க்க வேண்டியது ஊராட்சி, பூசை நடத்துவது திருச்சபை என்ற ஏற்பாடு நூறாண்டுக்கு மேலாக நடக்கிறது. இதற்கு முன்னுரை 1789இலேயே எழுதப்பட்டுவிட்டது: அந்த ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி புரட்சி மன்றம் திருச்சபையின் நிலங்களை நாட்டுடைமையாக்கி, பிறகு ஏலத்தில் விற்றது, மடங்களின் திராட்சைத் தோட்டங்களும் அப்படித்தான் கைமாறின. கடவுள் மறுப்பாளர்களின் வரிப்பணமும் சேர்ந்துதான் அந்த மணிக்கூண்டுகள் நிற்கின்றன. எனவே வழிபாடு நடக்காத நேரத்தில் அதற்குள் நுழையும் வெளியாரை யாரும் அத்துமீறி வந்தவராக நினைப்பதில்லை.

இனி சேந்த் எமிலியோன். ஊரின் நடுவே பாறைக்குள் இருக்கும் தேவாலயத்தைப் புரிந்துகொள்ள நமக்கு வெளியார் உதவி தேவையில்லை. அது ஒரு குடைவரை. கல்லைக் கல்மேல் அடுக்காமல், இருந்த பாறையைக் குடைந்து தூணையும் கூரையையும் விட்டுவைத்த வேலை. நாமக்கல் மலையில் அதியர் மரபினர் 8ஆம் நூற்றாண்டில் குடைந்த நரசிம்மர், அரங்கநாதர் குடைவரைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியர் பெயரோடு சேர்ந்த மரபு என்பதால் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அவற்றின்மீது ஒரு தனி உரிமை உணர்வும் உண்டு. அந்தக் கண்ணோடு சேந்த் எமிலியோனுக்குள் போங்கள். உடனே ஒரு வேறுபாடு தெரியும். நாமக்கல்லில் உளி பட்டது கருங்கல். கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குவாரிகளை அறிந்தவருக்கு அதன் கடினம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு சிறிய மண்டபத்துக்கே நெடுங்காலம் பிடித்திருக்கும். சேந்த் எமிலியோனில் இருப்பது மென்மையான சுண்ணாம்புக்கல். அதனால்தான் சுமார் 38 மீட்டர் நீளமும் 12 மீட்டர் உயரமும் உள்ள கூடத்தை 11, 12ஆம் நூற்றாண்டுகளில் அவர்களால் குடைய முடிந்தது. உள்ளே இரண்டு வரிசைப் பருத்த தூண்கள், கூரையில் நான்கு சிறகுள்ள வானதூதர்களின் புடைப்புச் சிற்பங்கள், வெளிச்சம் முகப்புப் பக்கத்திலிருந்து மட்டும். ஊரைச் சுற்றியும் இதே கல்லைக் குவாரி போட்டு எடுத்துக் கட்டடங்களுக்கு அனுப்பினார்கள். அந்தச் சுரங்கங்களில் பல இன்று ஒயின் பீப்பாய்களை வைக்கும் நிலவறைகளாகப் பயன்படுகின்றன. தேவாலயமும் நிலவறையும் ஒரே பாறையில், ஒரே கைத்திறனால் உண்டானவை. இதைக் காண நம்பிக்கை எதுவும் தேவையில்லை.

மென்மையான கல்லுக்கு ஒரு விலையும் உண்டு. அந்தக் கூடத்தின் தலைக்கு நேர்மேலே, 12ஆம் நூற்றாண்டில் தொடங்கி 15ஆம் நூற்றாண்டு வரை கட்டிய, 53 மீட்டர் உயர மணிக்கூண்டு நிற்கிறது. அதன் எடை முழுவதும் கீழே குடையப்பட்ட தூண்கள்மீது இறங்குகிறது. சுண்ணாம்புக்கல் நீரை உறிஞ்சும். நனைந்த சுண்ணாம்புக்கல்லின் தாங்குதிறன் உலர்ந்ததைவிடக் குறைவு. அடித்தளத்தில் ஈரம் ஏறித் தூண்கள் நலிந்ததால் 1990களில் இரும்புத் தாங்கிகள் கொடுக்க வேண்டிவந்தது. வழிகாட்டி மணிக்கூண்டின் அழகைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நீங்கள் தூண்களின் அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள். என் தொழிலில் உள்ள எவரும் அங்கே முதலில் பார்ப்பது அதைத்தான்.

அந்தச் சுவர்கள் வெறுமையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. ஒரு காலத்தில் அவை வண்ண ஓவியங்களால் நிறைந்திருந்தன. புரட்சிக் காலத்தில் வெடிமருந்துக்குத் தேவையான வெடியுப்பை எடுக்க அந்த ஈரச் சுவர்களைச் சுரண்டினார்கள். ஓவியங்கள் பெரும்பாலும் அதோடு போயின. அருகிலேயே உள்ள 13ஆம் நூற்றாண்டுத் திரித்துவச் சிற்றாலயத்தின் கதை இதற்கு நேர்மாறு. அது பீப்பாய் செய்பவரின் பட்டறையாக மாறியது. பீப்பாய்ப் பலகையை வளைக்கத் தீ மூட்ட வேண்டும். அந்தத் தீயின் கரி சுவர் முழுவதும் படிந்து, உள்ளே இருந்த ஓவியங்களை மூடிக் காத்துவிட்டது. கரியை நிதானமாக நீக்க முடியும், சுரண்டியதை மீட்க முடியாது என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் அறிந்த செய்தி. அதியமான்கோட்டை சென்னராயப் பெருமாள் கோயிலின் கூரை ஓவியங்களைப் பார்த்தவர் இதன் அருமையை உணர்வார். மதத்தை எதிர்த்த அரசின் தேவை ஒன்றை அழித்திருக்கிறது. மதத்தைப் பற்றி எதுவும் நினைக்காத ஒரு தொழிலாளியின் அடுப்பு மற்றொன்றைக் காப்பாற்றியிருக்கிறது. பகுத்தறிவாளருக்கு இங்கே யோசிக்க நிறைய இருக்கிறது. எந்தப் பக்கம் சாய்ந்து யோசிப்பது என்பது உங்கள் விருப்பம்.

வழிகாட்டிகள் சொல்வதில் எதை ஏற்பது, எதைக் கதையாக எடுத்துக்கொள்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எமிலியோன் என்பவர் பிரான்சின் வடமேற்கிலுள்ள பிரெத்தாஞ் பகுதியின் வான் நகரிலிருந்து 8ஆம் நூற்றாண்டில் வந்து இங்கே குகையில் தங்கிய துறவி என்பது நெடுங்கால மரபு. அவர் பெயரில் ஊர் வளர்ந்ததும், அவர் குகையென்று சொல்லப்படும் இடத்தை ஒட்டியே தேவாலயம் குடையப்பட்டதும் கண்முன்னே இருக்கின்றன. ஏழைகளுக்காக அவர் அங்கியில் மறைத்து எடுத்துப்போன ரொட்டி, எசமானர் சோதித்தபோது விறகாக மாறியது என்பது புனிதர் கதைகளில் பலருக்கும் சொல்லப்படும் வகை. குகையில் ஒரு கல்லிருக்கையில் பெண்கள் உட்கார்ந்தால் குழந்தை பிறக்கும் என்ற நம்பிக்கையையும் சொல்வார்கள். நம் ஊர் அரசமரத்தில் தொட்டில் கட்டுவதை அறிந்த நீங்கள் அதற்கு வியப்படைய மாட்டீர்கள். குடைவரையை யார் குடைவித்தார் என்பதில், முதல் சிலுவைப் போருக்குப் போய்வந்த உள்ளூர்ப் பிரபு கிழக்கே பார்த்த பாறைக் கோயில்களின் மாதிரியில் செய்வித்தார் என்ற கருத்து உண்டு; அது ஓர் ஊகம், அதற்கு நேரடிச் சான்று கிடையாது. ஒயின் பக்கத்திலும் இப்படியே. 4ஆம் நூற்றாண்டில் போர்தோவில் வாழ்ந்த கவிஞர் அவுசோனியுசுக்கு அப்பகுதியில் தோட்டங்கள் இருந்தன என்பதை ஏற்கலாம். அவர் பெயரைத் தாங்கிய புகழ்பெற்ற தோட்டம் அவருடைய மாளிகை நின்ற அதே இடம்தான் என்பதை மெய்ப்பிக்க முடியாது.

இதைவிடப் பரவலாகச் சொல்லப்படும் ஒன்று, பூசைக்கு ஒயின் வேண்டியிருந்ததால்தான் துறவிகள் திராட்சை பயிரிட்டார்கள் என்பது. கேட்க ஒழுங்காக இருக்கிறது; கணக்கு இடிக்கிறது. பூசைக்கு ஒயின் தேவை என்பது உறுதி. திராட்சைப் பழத்திலிருந்து வந்த, கெடாத, இயற்கையான ஒயினாக இருக்க வேண்டும் என்று இன்றைய திருச்சபைச் சட்டமும் சொல்கிறது. ஆனால் ஒரு பூசைக்குத் தேவைப்படுவது சில மிடறுகள்தான். ஏக்கர் கணக்கில் தோட்டம் போட்டதற்குக் காரணம் துறவிகளின் அன்றாட உணவு, விருந்தினர், விற்பனை, குடியானவர்களிடமிருந்து பெற்ற பங்கு ஆகியவை. பெனடிக்ட் துறவியரின் ஒழுங்குநூல், 40ஆம் அதிகாரத்தில், ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் எமினா ஒயின் என்று அளந்தே கொடுக்கிறது. அது கால் லிட்டரா அரை லிட்டரா என்று இன்னும் வாதிடுகிறார்கள். இதைவிட வியப்பானது, ஒயின் ஊரின் சாமானியருக்குப் பீடத்தின் ஒயின் பல நூற்றாண்டுகள் கிடைக்கவே இல்லை என்பது. அப்பம் மக்களுக்கு, கிண்ணம் குருவுக்கு மட்டும் என்ற வழக்கம் படிப்படியாகப் பரவி, 1415இல் திருச்சபைத் தலைவர்கள் கூடிய கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கத்தில் விதியாகவே உறுதிசெய்யப்பட்டது. பழம் பறித்து மிதித்துப் பிழிந்தவர் அதைப் பீடத்தில் தூரத்திலிருந்து பார்த்தார். மார்ட்டின் லூத்தரின் சீர்திருத்தம் கிண்ணத்தை எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்தது. நம் கிருஷ்ணகிரியில் 1895இல் மிசௌரி லுத்தரன் சபையின் முதல் இந்தியப் பணித்தளம் தொடங்கியது. அந்த மரபில் திருவிருந்தின்போது அப்பமும் திராட்சரசமும் சபையார் அனைவருக்கும் உண்டு. அந்த ஐரோப்பியச் சண்டையின் ஒரு முனை நம் ஊர் வரை வந்திருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையும் 1960களின் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு கிண்ணத்தை மக்களுக்கு ஓரளவு திறந்துவிட்டது.

பாறைத் தேவாலயத்தைவிட நீங்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டியது, மேலே உள்ள பங்கு ஆலயத்தில் என்பேன். இன்றும் வழிபாடு நடக்கும் இடம் அது. கட்டணம் இல்லை, அவசரப்படுத்தவும் ஆள் இல்லை. நடுக்கூடம் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது: தடித்த சுவர், அரைவட்ட வளைவு, குவிமாடக் கூரை. பீடப் பகுதி பிற்காலத்தது: கூர்முனை வளைவு, மெல்லிய தூண், பெரிய சாளரம். அரைவட்ட வளைவு சுமையைப் பக்கவாட்டில் அதிகமாகத் தள்ளும், அதைத் தாங்கச் சுவர் தடிக்க வேண்டும், சுவர் தடித்தால் சாளரம் சிறுக்கும். கூர்முனை வளைவு சுமையைக் கூடுதலாகக் கீழ்நோக்கி இறக்குவதால் சுவர் மெலிந்து வெளிச்சம் உள்ளே வந்தது. நடுக்கூடத்திலிருந்து பீடத்தை நோக்கி நடக்கும்போது இந்த இருநூறு முந்நூறு ஆண்டு மாற்றத்தை உங்கள் காலடியிலேயே கடப்பீர்கள்.

பழைய தேவாலயங்கள் பெரும்பாலும் மேற்கு வாசலும் கிழக்குப் பீடமும் கொண்டவை. குருவும் மக்களும் ஒரே திசையில் கிழக்கு நோக்கி நின்று வேண்டினார்கள். 1960களுக்குப் பிறகே குரு மக்களை நோக்கித் திரும்பி நிற்பது பரவியது. அதனால்தான் பல இடங்களில் சுவரோடு ஒட்டிய பழைய உயர்பீடம் ஒன்றும், அதற்கு முன்னால் மேசைபோல் புதிய பீடம் ஒன்றும் இருக்கும். சிவப்பு விளக்கு எரியும் சிறு பெட்டி நற்கருணைப் பேழை. அங்கே நற்கருணை, அதாவது பூசையில் அர்ப்பணித்த அப்பம், வைத்திருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம் அந்த விளக்கு. விசுவாசிகள் முழந்தாளிடுவது அதை நோக்கித்தான். தீர்த்தத் தொட்டி வாசலருகே இருப்பதும், திருமுழுக்குத் தொட்டி பெரும்பாலும் கூடத்தின் தொடக்கத்திலேயே இருப்பதும், நுழைவு என்பதை இடத்தாலேயே சொல்வதற்காக. தூண் தலைப்புகளிலும் பீடத் துணிகளிலும் திராட்சைக் கொடியைத் தேடுங்கள். யோவான் நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் இயேசு தன்னைத் திராட்சைச் செடியாகச் சொல்வதிலிருந்து வருவது அது. இரண்டு பேர் ஒரு கம்பில் பெரிய திராட்சைக் குலையைச் சுமந்து வருவதை எங்கேனும் கண்டால், அது விவிலியத்தின் எண்ணாகமம் என்னும் நூலில் கானான் நாட்டை வேவு பார்த்துத் திரும்புகிறவர்களின் காட்சி. இவற்றை நம்ப வேண்டியதில்லை. எது எதற்காக வைக்கப்பட்டது என்று தெரியாமல் பார்த்தால் எல்லாத் தேவாலயமும் ஒன்றுபோலவே தோன்றி, மூன்றாவதிலேயே சலித்துவிடும். கடவுள் மறுப்பாளர்களைவிட, எதையும் கேட்காமல் மெழுகுதிரி ஏற்றிப் படமெடுத்துக்கொண்டு ஓடும் பக்தர்கள்தான் அங்கே குறைவாகப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியதுண்டு.

போவதற்கு முன் ஒரு ஞாயிறு காலையில் தருமபுரி திரு இருதயப் பேராலயத்திலோ கிருஷ்ணகிரி பாத்திமா அன்னை ஆலயத்திலோ திருப்பலியை, அதாவது பூசையை, பின்வரிசையில் இருந்து ஒரு முறை பாருங்கள் என்பது என் பரிந்துரை. சடங்கின் வரிசை இங்கும் அங்கும் ஒன்றே என்பதால், பிரெஞ்சு புரியாவிட்டாலும் அங்கே என்ன நடக்கிறதென்று உங்களுக்குத் தெரிந்துவிடும். நம் பகுதிக்கும் அந்த நாட்டுக்கும் இந்த வழியில் பழைய தொடர்பும் உண்டு: 1773இல் இயேசு சபை என்னும் துறவியர் அமைப்பு கலைக்கப்பட்ட பின் புதுச்சேரியை மையமாகக் கொண்ட மறைப்பணியைப் பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்பு சபை 1776இல் ஏற்றது. 1930இல் புதுச்சேரி, கும்பகோணம், மைசூர் மறைமாவட்டங்களிலிருந்து பிரித்துச் சேலம் மறைமாவட்டம் அமைந்தது. அதிலிருந்து 1997இல் தருமபுரி பிரிந்தது. நம் வட்டாரத்துப் பழைய ஆலயங்களில் கூர்முனைச் சாளரத்தைக் கண்டால் அதன் மூதாதையைத்தான் நீங்கள் பார்க்கப் போகிறீர்கள்.

நடந்துகொள்ளும் முறை எளிது. நம் ஊர் ஆலயங்கள் பலவற்றில் செருப்பை வெளியே விடுகிறோம். அங்கே காலணியோடுதான் போவார்கள், ஆண்கள் தொப்பியைக் கழற்றினால் போதும். தீர்த்தத்தைத் தொடுவதோ, சிலுவை அடையாளம் வரைவதோ, முழந்தாளிடுவதோ உங்களிடம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. நம்பாமல் செய்வதைவிடச் செய்யாமல் இருப்பதே இரு தரப்புக்கும் மரியாதை. திருப்பலி நடந்துகொண்டிருந்தால் ஒன்று வெளியே காத்திருங்கள், அல்லது கடைசி வரிசையில் உட்கார்ந்து முடியும்வரை இருங்கள். நடுவே சுற்றிப் பார்ப்பதும் படமெடுப்பதும் தவறு. எல்லோரும் எழும்போது எழுவது மரியாதை மட்டுமே, அது உங்களை எதற்கும் உடன்படுத்தாது. சமாதான வாழ்த்தின்போது பக்கத்தில் இருப்பவர் கை நீட்டினால் கொடுங்கள். நற்கருணை வாங்க வரிசை நகரும்போது மட்டும் இருக்கையிலேயே இருந்துவிடுங்கள். இது ஒன்றில் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன். திருமுழுக்குப் பெறாதவர் அதை வாங்குவது அவர்கள் மிகப் புனிதமாகக் கருதுவதை விளையாட்டாக எடுப்பதாகும். உங்கள் கொள்கைக்கும் அது பொருந்தாது. காணிக்கைத் தட்டு வந்தால் போடலாம், போடாமல் அடுத்தவரிடம் நகர்த்தவும் செய்யலாம்.

பாறைத் தேவாலயத்துக்குத் தனியாக நுழைய முடியாது. ஊர்ச் சுற்றுலா அலுவலகம் நடத்தும் வழிகாட்டிச் சுற்றில், சீட்டு வாங்கித்தான் போக வேண்டும். அறுவடைக் காலமாதலால் செப்டம்பரில் கூட்டம் இருக்கும். மகளை முன்கூட்டியே பதிவு செய்யச் சொல்லுங்கள். பாறைக்குள் குளிரும் ஈரமும் இருக்கும், ஒரு மேற்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நேரமிருந்தால் சுற்றியுள்ள சிற்றூர்களுக்கும் போகலாம். 1999இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது இந்த ஓர் ஊர் மட்டுமன்று, எட்டு ஊராட்சிகளைக் கொண்ட முழு நிலப்பரப்பு. பக்கத்து ஊரான சேந்த் கிறிஸ்தோஃப் தே பார்தின் ஆலயத்தில் 12ஆம் நூற்றாண்டு வாசல் சிற்பங்கள் இருக்கின்றன. ஒரே குரு பல ஊர்களைக் கவனிப்பதால் இத்தகைய ஆலயங்களில் வாராவாரம் பூசை இருக்காது, கதவும் பல நேரம் பூட்டியிருக்கும். பூட்டியிருந்தால் ஊராட்சி அலுவலகத்தில் வேலைநாளில் சாவி கேட்டுப் பாருங்கள். கேட்பதற்கு முன் 'போன்ஷூர்' என்று வணக்கம் சொல்ல மறக்காதீர்கள். அதைச் சொல்லாமல் கேள்வியைத் தொடங்குவதைத்தான் அந்த ஊரார் அவமரியாதையாக எடுத்துக்கொள்வார்கள்.